நீளமான ஆங்கில வார்த்தையை எங்கே வெட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், ஊத்தங்கரை என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள், நர்சிங், டி.ஃபார்ம், லேப் டிப்ளமோ, பாலிடெக்னிக் என்று சேர்ந்தவர்கள், பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர்கள். பாடம் அவர்களுக்குப் புரியாமல் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் வரிக்கு இரண்டு மூன்று வார்த்தை முழ நீளத்துக்குக் கிடக்கும், அங்கேதான் கண் நின்றுவிடுகிறது. வருஷா வருஷம் முகம் மாறுகிறது, சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்கிற பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். ஆங்கில வார்த்தைகளும் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன, சின்னக் கோடு போட்ட இடம் வெட்டு. பக்கத்தில் உங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, வார்த்தையை எதுக்கு உடைக்கணும்? முழுசா மனப்பாடம் பண்ணிட்டா ஆகாதா?

ஆகும், முப்பது நாற்பது வார்த்தை வரைக்கும் ஆகும். அதற்கு மேல் போனால் ஒன்றை உள்ளே தள்ளும்போது இன்னொன்று வெளியே விழுந்துவிடும், நானே பட்டிருக்கிறேன்.

நம் ஊர் வார்த்தையையே எடுத்துக்கொள்வோம்: ஃப்ளோரோசிஸ். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் காவிக்கறை படிந்த பெரியவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே முக்கியமாக இதற்காகத்தான், அந்தத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இந்த வார்த்தை இருக்கிறது. இதை ஃப்ளோர், ஓசிஸ் என்று இரண்டாக்குங்கள். முதல் பாதி ஃப்ளோரின் என்ற தனிமம். ஓசிஸ் என்றால் ஒரு நிலை, பெரும்பாலும் உடம்புக்கு ஆகாத நிலை. இந்த ஒரு வாலைத் தெரிந்துகொண்டால் சிலிக்கோசிஸ், த்ராம்போசிஸ், சிரோசிஸ், டியூபர்குலோசிஸ் எல்லாவற்றிலும் பாதி தெரிந்த மாதிரி. ஒரு எச்சரிக்கை: ஓசிஸ் என்றாலே நோய் என்று எழுதிவிடாதீர்கள். செல் பிரியும் மைட்டோசிஸ் நோயில்லை, அது நடக்கவில்லை என்றால்தான் பிரச்சினை.

எந்த இடத்துல வெட்டணும்? மிஸ் ஒரு மாதிரி வெட்டுறாங்க, புத்தகத்துல வேற மாதிரி இருக்கு.

இரண்டு பேரும் சரியாகவே வெட்டியிருப்பார்கள், வேறு வேறு காரியத்துக்காக. வெட்டு இரண்டு வகை. வாய்க்காக வெட்டுவது ஒன்று, பொருளுக்காக வெட்டுவது இன்னொன்று. தெர்மாமீட்டரை வாயால் சொன்னால் தெர்-மா-மி-டர் என்று நாலு துண்டு. பொருளுக்காக வெட்டினால் தெர்மோ, மீட்டர் என்று இரண்டே துண்டு: வெப்பம், அளப்பது. ஹெலிகாப்டர் இன்னும் வேடிக்கை. வாய்க்கு ஹெ-லி-காப்-டர். பொருளுக்கு ஹெலிகோ, ப்டர்: திருகு, சிறகு. ஹெலி ஒரு துண்டு, காப்டர் ஒரு துண்டு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அப்படி வெட்டினால் சிறகின் நடுவில் கத்தி போகிறது.

இது புதுசு ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறளைக் கொடுத்து அலகிட்டு வாய்பாடு எழுதச் சொன்னார்கள், அது ஓசைக்கு வெட்டுவது. அதே வினாத்தாளில் ஒரு சொல்லைக் கொடுத்துப் பகுபத உறுப்பிலக்கணம் கேட்டார்கள், அது பொருளுக்கு வெட்டுவது. இரண்டையும் எழுதி மார்க் வாங்கினீர்கள், அங்கே குழம்பவில்லை. ஆங்கிலத்திலும் அதே இரண்டு வேலைதான். கீழே நான் அசை என்று சொன்னால் முதல் வெட்டு, உறுப்பு என்று சொன்னால் இரண்டாவது வெட்டு.

அப்போ சிலபிளும் நம்ம அசையும் ஒண்ணுதானா?

கிட்டத்தட்ட. ஆங்கிலத்தில் ஒரு உயிர் ஓசைக்கு ஒரு சிலபிள், அவ்வளவுதான் கணக்கு. நம் நிரையசையில் இரண்டு உயிர் இருக்கும். அறம் என்பது நமக்கு ஒரே நிரையசை, ஆங்கிலக் கணக்கில் அ-றம் என்று இரண்டு. அந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

எண்ணத் தெரியவில்லை என்றால் புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வார்த்தையை மெதுவாகச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை கையில் இடிக்கிறதோ அத்தனை சிலபிள். எலக்ட்ரோகார்டியோகிராம், அதாவது நாம் ஈ.சி.ஜி. என்று சொல்வது, இ-லெக்-ட்ரோ-கார்-டி-ஓ-கிராம் என்று ஏழு. பஸ்ஸில் செய்து பார்க்காதீர்கள், பல்வலி என்று நினைத்து இடம் கொடுத்துவிடுவார்கள்.

நான் எண்ணினா மட்டும் ஒண்ணு ரெண்டு அதிகமா வருது. ஏன்?

நம் நாக்கு செய்கிற வேலை. தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து நிற்காது, அதனால் நமக்குத் தெரியாமலே முன்னாலோ நடுவிலோ ஒரு உயிரை நுழைத்துக்கொள்கிறோம். ஸ்கூல் இஸ்கூல் ஆகிறது, ப்ளட் பிளட் ஆகிறது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து ஸ்ட்ரெப்-டோ-மை-சின் என்று நாலு சிலபிள்தான், நம் பிள்ளைகள் இசுட்டிரெப்டோமைசின் என்று ஏழாக்கிவிடுவார்கள். கடைசியிலும் அப்படித்தான், டெஸ்ட் டெஸ்ட்டு ஆகும், பல்ப் பல்பு ஆகும். ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கத்திலிருந்து வருகிற, வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்குக் கடைசி உகரம் இன்னும் கொஞ்சம் தாராளம்.

பேசும்போது அப்படியே பேசுங்கள், யாரும் ஜெயிலில் போடப் போவதில்லை. எண்ணும்போது மட்டும் நாம் நுழைத்த உயிரைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

கடைசியில ஈ எழுத்து வந்தா எண்ணணுமா, விட்டுடணுமா?

பெரும்பாலும் விட்டுவிடலாம். என்சைம் இரண்டு, ஆக்சைடு இரண்டு, க்ளோரைடு இரண்டு. கடைசி ஈ சத்தம் போடாது, முன்னால் இருக்கும் உயிரை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்கும்.

ஆனால் கிரேக்கத்திலிருந்து அப்படியே வந்த சில வார்த்தைகளில் அது வாயைத் திறக்கும். இதயம் சுருங்குவதைச் சொல்லும் வார்த்தை சிஸ்டோல் இல்லை, சிஸ்-ட-லி, மூன்று சிலபிள். விரிவது டை-ஆஸ்-ட-லி. மயங்கி விழுவது சிங்-க-பி. முகப்பருவுக்கு ஆக்-னி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் நான் சிஸ்டோல், டயஸ்டோல் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு டாக்டரம்மா பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். அந்த இரண்டு வருஷமும் கேட்டுக்கொண்டு இருந்த மற்றவர்களை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ரெண்டு உயிரெழுத்து பக்கத்துல பக்கத்துல வந்தா ஒரு சிலபிளா, ரெண்டா?

வேரின் உள்ளே ஐ, ஓ வந்தால் பெரும்பாலும் இரண்டு: கார்-டி-ஓ, ரே-டி-ஓ. ஈ, ஓ வந்தாலும் அப்படித்தான், எலும்பைக் குறிக்கும் ஆஸ்-டி-ஓ. அதே ஐ, ஓ வாலில் ஷன் என்று வந்தால் ஒன்றே ஒன்று: இன்-ஃபெக்-ஷன் மூன்றுதான்.

அப்புறம் ஏ, ஈ ஒட்டி வருவது, ஓ, ஈ ஒட்டி வருவது. இது பிரிட்டிஷ் எழுத்துமுறை. ஹீமோகுளோபினில் ஹெச்சுக்குப் பிறகு ஏ, ஈ இரண்டும் போடுவார்கள், அமெரிக்கப் புத்தகத்தில் ஈ மட்டும் இருக்கும். இரண்டிலும் சத்தம் ஒன்றுதான், சிலபிள் நாலுதான். அனீமியாவும் அப்படியே, அ-னீ-மி-ஆ. நம் ஊரில் இரண்டு வகைப் புத்தகமும் புழங்குகிறது. தேர்வில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே எழுதுங்கள், முதல் பக்கத்தில் ஒன்று மூன்றாம் பக்கத்தில் ஒன்று என்று எழுதினால் திருத்துகிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சட்டுனு ஞாபகம் வர்ற மாதிரி ஒரு விதி சொல்லுங்க அக்கா.

அசைக்கு என்றால் இதோ. இரண்டு உயிருக்கு நடுவில் இரண்டு மெய் இருந்தால் நடுவில் வெட்டு: மேக்-னெட், சிஸ்-டம். ஒரே மெய் இருந்தால் அதற்கு முன்னால் வெட்டிச் சொல்லிப் பாருங்கள், மோ-டர் மாதிரி. காதுக்குச் சரியாக விழவில்லை என்றால் அதற்குப் பின்னால் வெட்டுங்கள், மெட்-அல் மாதிரி. ஹெச்சோடு சேர்ந்து ஒரே சத்தம் தருகிற ஜோடிகளை, அதாவது ஃப, த, ச, ஷ சத்தம் வருகிற ஜோடிகளைப் பிரிக்கவே கூடாது. இவ்வளவுதான். இதற்கு விலக்கு நிறைய உண்டு, விலக்கையெல்லாம் விதியாகப் படித்தால் படிப்பு முடிந்துவிடும், வார்த்தை அப்படியே இருக்கும்.

சரி, உறுப்பா பிரிக்கிறது எப்படி? எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

வாலிலிருந்து. நம் பகுபதத்தில் விகுதி கடைசியில் நின்று இது என்ன சொல் என்று காட்டுகிற மாதிரி, இங்கேயும் கடைசித் துண்டுதான் இது நோயா, கருவியா, அறுவைச் சிகிச்சையா, படிப்பா என்று சொல்லும். ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி. எமியா என்றால் ரத்தத்தில். யூரியா என்று முடிந்தால் சிறுநீரில் (உர மூட்டையில் இருக்கிற யூரியாவுக்கும் அதே சிறுநீர்தான் வேர்). கிராம் என்றால் பதிவு, ஸ்கோப் என்றால் பார்க்கும் கருவி, லஜி என்றால் துறை. வாலைப் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள், கடைசியில் நடுத்துண்டு. காஸ்ட்ரோஎன்டரைடிஸ்: அழற்சி, இரைப்பையில், குடலில். முடிந்தது.

நடுவில் வரும் ஓ எதற்கு என்று கேட்பீர்கள். அது சாரியை. வந்தனன் என்பதில் நடுவில் ஒரு அன் வருகிறதே, அதற்குத் தனியாகப் பொருள் இல்லை, சேர்த்துவைக்க வருகிறது. அதே வேலைதான் இந்த ஓவுக்கும். காஸ்டர் என்பது இரைப்பை. ஸ்கோப்பி சேரும்போது காஸ்ட்ர்-ஓ-ஸ்கோப்பி. ஐடிஸ் சேரும்போது ஏற்கெனவே ஒரு உயிர் இருப்பதால் ஓ தேவையில்லை, காஸ்ட்ரைடிஸ். ஆனால் இரண்டு வேர்கள் சேர்ந்தால் அடுத்தது உயிரில் தொடங்கினாலும் ஓ போகாமல் நிற்கும், அதனால்தான் காஸ்ட்ரோஎன்டரைடிஸில் ஓவும் ஈயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. லத்தீன் வேர்களுக்குப் பெரும்பாலும் ஓவுக்குப் பதில் ஐ வரும். பட்டுப்பூச்சி வளர்க்கிற வீட்டுப் பையன் ஒருவன் இங்கே வருகிறான், அவன் அப்பா கூடு விற்கத் தருமபுரி மார்க்கெட்டுக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வருவார். அவனுக்கு நான் சொன்னது செரிகல்ச்சர்: செர்-ஐ-கல்ச்சர். பட்டு வந்த தேசத்து மக்களைக் கிரேக்கர்கள் சேரஸ் என்றார்கள், அது லத்தீன் வழியாக வந்தது. ஹார்ட்டிகல்ச்சரில் தோட்டம், ஏபிகல்ச்சரில் தேனீ, எல்லாவற்றிலும் அதே ஐ.

இன், இம், இர், இல் எல்லாம் வேற வேற முன்னொட்டா?

எல்லாம் ஒரே இன்தான், அடுத்த எழுத்தைப் பார்த்து உருமாறும். பொன், குடம் சேர்ந்தால் பொற்குடம் ஆவது போல. மொபைல் சேர்ந்தால் இம்மொபைல், ரெகுலர் சேர்ந்தால் இர்ரெகுலர், லீகல் சேர்ந்தால் இல்லீகல். இதில் எம்மும் ஆரும் எல்லும் ஏன் இரண்டு முறை எழுதுகிறோம் என்பதும் இப்போது தெரிந்திருக்கும்: ஒன்று முன்னொட்டுடையது, ஒன்று வேருடையது.

பொறி ஒன்று இருக்கிறது. இந்த இன் எப்போதும் இல்லை என்று சொல்வதில்லை, உள்ளே என்றும் சொல்லும். இர்ரேடியேஷன் என்றால் கதிர் படாதது இல்லை, கதிரை உள்ளே செலுத்துவது. லாரியின் பின்னால் இன்ஃப்ளேமபிள் என்று எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்துவிடாதீர்கள், நன்றாகவே பிடிக்கும்.

ஹைப்போ, ஹைப்பர் ரெண்டும் எனக்கு எப்பவும் மாறிப் போகுது.

இதில் மட்டும் மாறவே கூடாது. ஹைப்போ கீழே, ஹைப்பர் மேலே. ஹைப்போடெர்மிக் என்றால் தோலுக்குக் கீழே போகிற ஊசி, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹைப்பர்மார்க்கெட் என்றால் பெரிசு, அதுவும் கூட இருக்கட்டும்.

நான் பயிற்சியில் இருந்தபோது சர்க்கரை 52 என்று வந்த ஒருவரின் ரிப்போர்ட்டில் குறிப்பு எழுதும் இடத்தில் ஹைப்பர்கிளைசீமியா என்று எழுதிவிட்டேன். எழுபதுக்குக் கீழே போனாலே ஹைப்போ. கவுன்டருக்குப் போவதற்கு முன் சீனியர் அண்ணன் ஒருவர் பார்த்துக் கிழித்துப் போட்டார், திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அன்றிலிருந்து இந்த இரண்டு வார்த்தையையும் எழுதி முடித்ததும் முதல் துண்டைத் தனியாக வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். இன்டர் (இரண்டுக்கு நடுவில்), இன்ட்ரா (ஒன்றின் உள்ளே) ஜோடிக்கும் அதே வைத்தியம். டமி என்றால் வெட்டுவது, எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுப்பது, ஆஸ்டமி என்றால் வாய் திறந்து விடுவது. இந்த மூன்றில் ஒன்றை மாற்றி எழுதினால் நோயாளியின் உடம்பில் ஒரு உறுப்பே இருக்கிறதா இல்லையா என்று மாறிவிடும்.

இதெல்லாம் ஸ்பெல்லிங்குக்கு உதவுமா?

ரொம்ப உதவும். ஃப்ளோரைடை எழுதச் சொன்னால் பாதிப் பேர் எஃப், எல், ஓ, யூ என்று போடுவார்கள், அது கோதுமை மாவு. சரியானது யூ முதலில், ஓ பிறகு. வேர் லத்தீனில் ஃப்ளூ, ஓடுவது என்று பொருள், உலோகத்தை உருக்கும்போது சுலபமாக ஓடச் செய்யும் கல்லிலிருந்து வந்த பெயர். ஓடுகிற ஃப்ளூயிட் என்ற வார்த்தையிலும் எஃப், எல், யூதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற பொருளை மாவு ஆக்கிவிட்ட அறிவிப்புப் பலகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று ஆஃப்தால்மாலஜி, கண் மருத்துவம். ஹெச் இரண்டு உண்டு, எல்லோரும் ஒன்றை விட்டுவிடுவார்கள். ஆஃப்-தால்-மா-ல-ஜி என்று வெட்டினால் முதல் துண்டின் ஃப சத்தத்துக்கு ஒரு ஹெச், இரண்டாவது துண்டின் த சத்தத்துக்கு ஒரு ஹெச். டிஃப்தீரியாவும் அப்படியே. நாம் பேச்சில் ஆப்தல்மாலஜி, டிப்தீரியா என்று சொல்லிப் பழகியதால்தான் முதல் ஹெச் காணாமல் போகிறது.

நிமோனியாவில் முதல்ல ஒரு பி இருக்கு, சொல்றதில்லை. அப்னியாவில் மட்டும் அந்த பி ஏன் பேசுது?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை பென்னாகரத்துப் பெண், எனக்கு அன்று பதில் தெரியாது, அடுத்த வாரம்தான் சொன்னேன். ஆங்கில வாய்க்கு வார்த்தையின் தொடக்கத்தில் ப்ந சேர்ந்து வராது, அதனால் பென் எழுதப் போடும் அந்த பியை எழுத்தில் வைத்துக்கொண்டு சத்தத்தில் விட்டுவிட்டார்கள். முன்னால் ஒரு உயிர் வந்துவிட்டால் அந்த பி முந்தைய சிலபிளில் போய்ச் சாய்ந்துகொள்ள இடம் கிடைக்கிறது: ஆப்-னி-ஆ. இல்லை என்ற அ, மூச்சு என்ற ப்னியா. உறுப்பு வெட்டு அவுக்குப் பின்னால், அசை வெட்டு பிக்குப் பின்னால்.

மேலே ஹெலிகாப்டரில் பார்த்த சிறகும் அதேதான். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணில் சிறகு மாதிரி சதை வளருமே, டெரிஜியம், அதிலும் எழுத்தில் முதலில் பி உண்டு, சத்தம் இல்லை, ஹெலிகாப்டரில் சத்தம் உண்டு. டயக்னோசிஸில் ஜி பேசுவதும் இதனால்தான்: டயா, க்னோசிஸ். ஞாபகக் குறிப்பு என்னும் நிமானிக்கில் எம் ஊமை, ஞாபகம் போவதைச் சொல்லும் ஆம்னீஷியாவில் எம் பேசுகிறது, இரண்டும் ஒரே வேர்.

சரியா வெட்டித்தான் படிக்கிறேன், ஆனாலும் டாக்டர் சொல்ற மாதிரி இல்லை. என்ன குறை?

அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் புரிந்துவிடும், ஆங்கிலத்தில் ஒரு அசையை அழுத்தி மற்றதைச் சுருக்க வேண்டும். போட்டோகிராஃபில் முதல் துண்டு, ஃபோட்டாகிரஃபரில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது. வேர் மாறவில்லை, வால் மாறியதும் அழுத்தம் நகர்கிறது.

இதற்கும் வாலைப் பாருங்கள். இக், ஷன், இட்டி என்று முடிந்தால் வாலுக்கு ஒட்டி முன்னால் இருக்கும் அசையில் அழுத்தம், லஜி என்றாலும் அதற்கு முன் அசையில்: ப-தா-ல-ஜி என்பதில் தா. இக்கில் அரித்மெடிக், பாலிடிக்ஸ் மாதிரி சில அடங்காப்பிடாரிகள் உண்டு. மீட்டரில் ஒரு நுணுக்கம்: கருவி என்றால் மீட்டருக்கு முன் அசை, தெர்மாமீட்டரில் மா. நீள அளவு என்றால் முதல் அசை, சென்டிமீட்டரில் சென்.

டிக்ஷனரியில எலக்ட்ரிக்ல ஒரே ஒரு புள்ளிதான் இருக்கு, ரெண்டு துண்டு. நீங்க மூணு சிலபிள்னு சொல்றீங்களே?

சிலபிள் மூன்றுதான், தாடையில் கை வைத்துப் பாருங்கள். மெரியம் வெப்ஸ்டர் மாதிரி அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லில் வைக்கும் புள்ளி, அச்சில் வரி முடியும்போது எங்கே ஹைஃபன் போட்டு உடைக்கலாம் என்று காட்டுவது. ஒற்றை எழுத்தைத் தனியாக வரிக் கடைசியில் விடுவது அசிங்கம் என்று முதல் ஈக்குப் பிறகு புள்ளி வைப்பதில்லை. உண்மையான சிலபிள் பக்கத்தில் உச்சரிப்புக் குறியில் இருக்கும். வரியுடைப்பிலும் அமெரிக்கர்கள் சத்தத்தைப் பார்த்து உடைப்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் உறுப்பையும் பார்த்து உடைப்பது வழக்கம். நமக்குத் தேர்வுத்தாளில் இந்த வம்பே வேண்டாம், இடம் போதவில்லை என்றால் அடுத்த வரியில் முழுசாக எழுதுங்கள்.

டி.ஃபார்ம்ல வர்ற ரசாயனப் பேரெல்லாம் அடுத்த பஸ் ஸ்டாப் வரைக்கும் நீளுதே, அதுக்கும் இதேதானா?

அது உண்மையில் சுலபம், ஏனென்றால் அதை வேண்டுமென்றே துண்டு துண்டாகத்தான் செய்திருக்கிறார்கள். டி.டி.டி.யின் முழுப்பெயர் டைக்ளோரோடைஃபீனைல்ட்ரைக்ளோரோஈத்தேன். டை, க்ளோரோ, டை, ஃபீனைல், ட்ரை, க்ளோரோ, ஈத்தேன். எண், பொருள், எண், பொருள், எண், பொருள், கடைசியில் எலும்புக்கூடு. சிலபிள் பதினொன்று, உறுப்பு ஏழு.

மருந்துப் பெயர்களில் சில வெட்டித் தைத்தவை. பாராஅசிட்டைல்அமினோஃபீனால் என்பதில் அங்கங்கே கத்தரித்து ஒட்டியது பாராசிட்டமால். அமெரிக்காவில் அதே பெயரை வேறு இடங்களில் கத்தரித்து அசிட்டமினோஃபென் என்றார்கள். மாத்திரை ஒன்றுதான், கத்தரிக்கோல் வேறு.

ஒரே வார்த்தையை ரெண்டு இடத்துல வெட்ட முடியுமா?

முடியும், மாட்டிக்கொள்வீர்கள். டி.ஃபார்ம் பிள்ளைகள் கவனியுங்கள், யூனியனைஸ்டு என்று ஒரு வார்த்தை. யூனியன், ஐஸ்டு என்று வெட்டினால் சங்கம் வைத்த தொழிலாளர்கள், ஓசூர் கம்பெனி கேட்டில் கொடி பறக்கும். அன், அயனைஸ்டு என்று வெட்டினால் அயனியாகாத மருந்து, அதுதான் செல் சவ்வைச் சுலபமாகக் கடக்கும். எழுத்தில் ஒன்றுதான். பாடம் என்ன என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

பார்த்தால் ஒன்று போல் இருந்து வேறு வேராக இருப்பவையும் உண்டு. பெடலில் இருக்கும் பெட் கால், பீடியாட்ரிக்ஸில் இருக்கும் பீட் குழந்தை. எலும்பு டாக்டரின் ஆர்த்தோபீடிக்ஸில் இருப்பது கால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், குழந்தைதான்: குழந்தைகளின் கோணலை நேராக்குவது என்று 1741இல் நிக்கோலாஸ் ஆண்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர். ட்ரைகாலஜியில் ட்ரை என்றால் மூன்று இல்லை, ட்ரைக் என்றால் முடி. அனால்ஜெசிக்கில் இருக்கும் அல்ஜ் வலி, ஆனால் அல்காரிதத்தில் வலி கிடையாது (படிக்கிறவர்கள் உண்டு என்பார்கள்), அது அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயர்.

அப்போ உடைக்கவே முடியாத வார்த்தை இருக்கா?

அசையாக எதையும் உடைக்கலாம். உறுப்பாக உடைக்க முடியாதவை உண்டு. லேசர், ரேடார் இரண்டும் பல வார்த்தைகளின் முதலெழுத்துகளைக் கோத்தவை, உள்ளே வேர் தேடினால் கிடைக்காது. டீசல், வாட், ஆம்பியர் ஆட்களின் பெயர். கால்வனோமீட்டரில் மீட்டர் கிடைக்கும், மீதி கால்வானி என்ற இத்தாலியர். அரூர், ஊத்தங்கரை பகுதியில் மண்ணுக்கடியில் இருக்கும் மாலிப்டினத்தை மா-லிப்-டி-னம் என்று வாய்க்கு வெட்டலாம், பொருளுக்கு வெட்டினால் ஈயம் என்று வரும், ஏனென்றால் பழைய காலத்தில் அந்தத் தாதுவை ஈயத் தாது என்று தவறாக நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். வெட்டியது சரி, வைத்தவர்கள் தப்பு.

45 எழுத்துல ஒரு வார்த்தை இருக்காமே, அதை உடைச்சுக் காட்டுங்க.

வருஷத்துக்கு ஒருவராவது இதைக் கேட்பார்கள், பெரும்பாலும் பையன்கள். நிமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிக்கோவால்கனோகோனியோசிஸ். 1935இல் புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர் ஒருவர் நீளத்துக்காகவே செய்த வார்த்தை இது. முதல் எழுத்து மேலே பார்த்த ஊமை பி. நிமோனோ நுரையீரல், அல்ட்ரா அதிகம், மைக்ரோ நுண்ணிய, ஸ்கோபிக் பார்ப்பது, சிலிக்கோ சிலிக்கா, வால்கனோ எரிமலை, கோனி தூசி, அப்புறம் முதல் கேள்வியில் பார்த்த அதே ஓசிஸ். நுண்ணிய எரிமலைச் சிலிக்காத் தூசியால் நுரையீரலுக்கு வரும் நோய். பத்தொன்பது சிலபிள், மாடியில் ஒரே மூச்சில் சொன்னவன் இதுவரை ஒருவன்தான், அவனும் நடுவில் ஒரு ‘கோ’வை விழுங்கிவிட்டான்.

எந்தத் தேர்விலும் இதைக் கேட்க மாட்டார்கள், எந்த டாக்டரும் கேஸ் ஷீட்டில் எழுத மாட்டார். கிருஷ்ணகிரி பக்கத்து கிரானைட் குவாரியில் வேலை செய்த ஒருவர் இருமிக்கொண்டு வந்தால் எழுதுவது சிலிக்கோசிஸ். அதை சி-லி-கோ-சிஸ் என்று நாலாக வெட்டி, சிலிக், ஓசிஸ் என்று இரண்டாக வெட்டி எழுதத் தெரிந்தால் போதும்.